சூப்பர் பவுலை எல்லோரும் இலவசமாகப் பார்க்க முடிவது எப்படி? அது இன்னும் எத்தனை நாளைக்கு?

1967 ஜனவரி 15, லாஸ் ஏஞ்சல்ஸ் மெமோரியல் கொலிசியம். க்ரீன் பே பேக்கர்ஸ், கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிகள் மோதிய முதல் சூப்பர் பவுல். இடைவேளை முடிந்து, இரண்டாவது பாதியைத் தொடங்க பந்தை உதைத்தாயிற்று. அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. மேட்ச்சை ஒளிபரப்பிய இரண்டு சேனல்களில் ஒன்றான என்.பி.சி இன்னும் விளம்பரத்திலிருந்தே திரும்பவில்லை. நடுவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த உதை செல்லாது என்று சொல்லி, மறுபடியும் உதைக்க வைத்தார்கள்.

மைதானத்தில் நடப்பதை டிவி காட்டும் என்பதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். அன்றைக்கு டிவிக்காக மைதானம் காத்திருந்தது. அமெரிக்காவின் மிகப்பெரிய விளையாட்டு நிகழ்ச்சி எப்படி இயங்குகிறது என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது.

58 ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த 59-வது சூப்பர் பவுலில், பிலடெல்பியா ஈகிள்ஸ் 40-22 என்ற கணக்கில் அதே கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை வீழ்த்தியது. நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி சராசரியாக 12.77 கோடி பேர் அந்த மேட்ச்சைப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மக்கள் தொகை சுமார் 34 கோடி. அதாவது மூன்று பேரில் ஒருவருக்கும் மேல். இதில் கவனிக்க வேண்டியது, அதைப் பார்க்க யாரும் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஒரு ஆன்டெனா இருந்தால் ஃபாக்ஸ் சேனலில் பார்க்கலாம். போன் இருந்தால் டூபி என்ற இலவச ஆப்பில் பார்க்கலாம்.

காசு கொட்டும் இந்த மேட்ச் எப்படி இன்னும் இலவசமாக இருக்கிறது? யாராவது பெரிய மனசு பண்ணிக் கொடுத்ததா? இல்லை. இதற்குப் பின்னால் ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் இப்போது மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது.

சூப்பர் பவுல்னா என்ன?

தேசிய ஃபுட்பால் லீக், அதாவது என்.எஃப்.எல்., அமெரிக்காவின் தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் லீக். மொத்தம் 32 அணிகள், இரண்டு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் ஜெயிக்கும் அணிகள் மோதும் இறுதிப் போட்டிதான் சூப்பர் பவுல். இப்போது பிப்ரவரி மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மாலை ஆறரை மணிக்குத் தொடங்குகிறது. நம் ஊரில் அப்போது திங்கட்கிழமை அதிகாலை 5 மணி.

ஆட்டத்தின் அடிப்படை ரொம்ப சிம்பிள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பந்தைப் பத்து யார்டு முன்னே கொண்டுபோனால் இன்னும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு வாய்ப்பும் சில விநாடிகள்தான். அது முடிந்ததும் ஆட்டம் நிற்கும், வீரர்கள் கூடிப் பேசுவார்கள், மறுபடியும் அணிவகுப்பார்கள்.

இந்த 'நின்று நின்று போகும்' தன்மைதான் டிவிக்குக் கிடைத்த வரம். கால்பந்தில் 45 நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் விளம்பரம் போட வழியில்லை. கிரிக்கெட்டில் ஓவர் முடிந்ததும் போடலாம். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆட்டமே இடைவெளிகளால் ஆனது.

60 நிமிட ஆட்டத்துக்கு ஏன் மூன்றரை மணி நேரம்?

கடிகாரக் கணக்கில் ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால் பகுதிகள், மொத்தம் 60 நிமிடம். ஆனால் பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருக்கும் நேரம் எவ்வளவு? வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 2010-ல் சில என்.எஃப்.எல். ஒளிபரப்புகளை விநாடி விநாடியாக அளந்து பார்த்தது. கிடைத்த விடை, சுமார் 11 நிமிடம்!

மீதி நேரத்தில் ரீப்ளே, பயிற்சியாளரின் முகம், பார்வையாளர் வரிசை, அப்புறம் விளம்பரம். சூப்பர் பவுலில் விளம்பரங்களும் சேனலின் சொந்த அறிவிப்புகளும் மட்டும் ஏறக்குறைய 50 நிமிடம் பிடிக்கின்றன. டிவிக்கென்றே தனி டைம் அவுட் உண்டு. விளம்பரம் முடிந்துவிட்டது என்று சேனல் தரப்பிலிருந்து சைகை வரும்வரை நடுவர் ஆட்டத்தைத் தொடங்க மாட்டார். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு முன்பும் ஆட்டம் கட்டாயமாக நிறுத்தப்படும். ஸ்டேடியத்தின் கடிகாரத்தை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொள்ளாத காலத்தில், மீதி நேரத்தை அணிகளுக்குச் சொல்வதற்காக வந்த விதி அது. கடிகாரப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது. விதி மட்டும் விளம்பர இடைவேளையாக உயிரோடு இருக்கிறது.

ஹாஃப் டைம் ஷோவுக்கும் இதே கதைதான். 1992-ல் சி.பி.எஸ்ஸில் சூப்பர் பவுல் இடைவேளை ஓடிக்கொண்டிருந்தபோது, போட்டிச் சேனலான ஃபாக்ஸ் தன் காமெடி நிகழ்ச்சியின் சிறப்பு எபிசோடை அதே நேரத்தில் போட்டது. 2 கோடிக்கும் அதிகமானவர்கள் அங்கே தாவிவிட்டார்கள். அரண்டுபோன லீக் அடுத்த ஆண்டே மைக்கேல் ஜாக்சனை மேடையேற்றியது. அன்றிலிருந்துதான் உச்ச நட்சத்திரங்களின் மேடையாக அது மாறியது. பாடுபவர்களுக்கு இதற்கெனப் பெரிய சம்பளம் கிடையாது, தயாரிப்புச் செலவை லீக்கும் ஸ்பான்சரும் பார்த்துக்கொள்கின்றன. வழக்கமான இடைவேளை சுமார் 13 நிமிடம். சூப்பர் பவுலில் மட்டும் அது இரண்டு மடங்குக்கு நீளும். வீரர்களின் உடல் சூடு ஆறினாலும் பரவாயில்லை, ரசிகரின் விரல் ரிமோட்டுக்குப் போகக் கூடாது.

காசு எங்கிருந்து வருது, எங்கே போகுது?

1967-ல் என்.பி.சி-யில் 30 விநாடி விளம்பரத்தின் விலை 37,500 டாலர். 2025-ல் ஃபாக்ஸில் அதே 30 விநாடிக்கு 80 லட்சம் டாலர் வரை போனது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் 20 மடங்குக்கு மேல்.

இவ்வளவு கொடுக்க கம்பெனிகளுக்குப் பைத்தியமா? கணக்குப் போட்டால் புரியும். 80 லட்சம் டாலரை 12.77 கோடி பேருக்குப் பிரித்தால், தலைக்குச் சுமார் 6 சென்ட். அதிலும் விளம்பரத்தை ஸ்கிப் பண்ணாமல், அதைப் பார்ப்பதற்கென்றே உட்காரும் கூட்டம். 1984-ல் ரிட்லி ஸ்காட் இயக்கிய ஆப்பிள் மேக்கின்டாஷ் விளம்பரம் சூப்பர் பவுலில் வந்த பிறகு, விளம்பரமே ஒரு நிகழ்ச்சி ஆகிவிட்டது. ஆளுக்கொரு திரையில் ஆளுக்கொரு சீரிஸ் ஓடும் காலத்தில், ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை இத்தனை கோடிப் பேர் பார்க்கும் இடம் அமெரிக்காவில் வேறு இல்லை.

ஆக, இலவசம் என்பது லீக்குக்கு நஷ்டம் இல்லை. எல்லோரும் பார்க்க முடிவதால்தான் விளம்பரத்துக்கு அந்த விலை. விலை இருப்பதால்தான் சேனல்கள் உரிமைக்குப் போட்டி போடுகின்றன. 2021-ல் என்.எஃப்.எல். போட்ட ஒப்பந்தங்களின் மதிப்பு 11 சீசன்களுக்குச் சுமார் 11,000 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. சி.பி.எஸ்., ஃபாக்ஸ், என்.பி.சி., ஏ.பி.சி-இ.எஸ்.பி.என்., அமேசான் எல்லாம் அதில் அடக்கம். சூப்பர் பவுல் மட்டும் முதல் நான்கு குழுமங்களுக்குள் சுழற்சி முறையில் போகிறது.

இந்தத் தேசிய ஒளிபரப்புப் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. க்ரீன் பே ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் மட்டுமே வாழும் ஊர். அதன் அணிக்குத் தனி முதலாளி கிடையாது, பொதுமக்கள்தான் பங்குதாரர்கள். அதனால் அதன் வரவு செலவு ஆண்டுதோறும் வெளியாகிறது. சமீபத்திய கணக்குகளின்படி லீக்கின் பொதுப் பங்காக மட்டும் அந்த அணிக்கு ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல் வந்திருக்கிறது. நியூயார்க் அணிகளுக்கும் அதே தொகைதான். சின்ன ஊர் அணி பெரிய நகரத்து அணியோடு மோதி ஜெயிக்க முடிவதற்கு இது முக்கியமான காரணம்.

சரி, இந்தச் சமப் பங்கீடு எப்படிச் சாத்தியமானது? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நாடாளுமன்றம் கொடுத்த சலுகை

1960-களின் தொடக்கம்வரை பல அணிகள் தங்கள் டிவி உரிமையைத் தனித்தனியாக விற்றன. புதிதாகப் பொறுப்பேற்ற லீக் கமிஷனர் பீட் ரோசெல், எல்லா அணிகளின் உரிமையையும் ஒரே மூட்டையாகக் கட்டி சி.பி.எஸ்ஸுக்கு விற்கப் பார்த்தார். 1961-ல் ஃபெடரல் நீதிபதி ஒருவர் அதைத் தடுத்தார். போட்டி போட வேண்டிய நிறுவனங்கள் கைகோத்து ஒரே விலையில் விற்பது ஏகபோக எதிர்ப்புச் சட்டத்துக்கு விரோதம் என்பது அவர் தீர்ப்பு.

ரோசெல் நேராக நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார். சில மாதங்களிலேயே விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் நிறைவேறியது. 1961 செப்டம்பர் 30 அன்று அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். அணிகள் சேர்ந்து உரிமையை விற்கலாம், ஏகபோக எதிர்ப்புச் சட்டம் பாயாது என்றது புதிய சட்டம்.

ஆனால் அந்த விலக்கு 'ஸ்பான்சர்' உள்ள ஒளிபரப்புக்கு மட்டும்தான். அதாவது விளம்பரதாரர் காசு கொடுக்க, ரசிகர் இலவசமாகப் பார்க்கும் டிவிக்கு. இது இலவச ஒளிபரப்புக்கு மட்டும்தானே, கட்டண டிவிக்குப் பொருந்தாதுதானே என்று விசாரணையில் எம்.பி-க்கள் ரோசெலிடமே கேட்டார்கள். ஆம் என்று அவர் உறுதியாகச் சொன்னது பதிவில் இருக்கிறது. பின்னாளில் நீதிமன்றங்களும் அதைச் சுட்டிக்காட்டி, கட்டண சாட்டிலைட் சேவைக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று சொன்னன.

சலுகை அதோடு நிற்கவில்லை. 1966-ல் என்.எஃப்.எல்., தன் போட்டி லீக்கான ஏ.எஃப்.எல்லோடு இணைய முடிவு செய்தது. போட்டியே இல்லாமல் போகும் இந்த இணைப்புக்கும் சட்ட விலக்கு தேவைப்பட்டது. லூசியானாவைச் சேர்ந்த செனட்டர் ரஸ்ஸல் லாங்கும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஹேல் பாக்ஸும் மசோதாவைக் கரை சேர்த்தார்கள். அது நிறைவேறிய சில நாட்களிலேயே, நவம்பர் 1 அன்று, லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குப் புதிய அணி ஒன்று அறிவிக்கப்பட்டது. அதுதான் இன்றைய நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். அந்த இணைப்பின் பலனாகப் பிறந்ததுதான் சூப்பர் பவுல்.

இன்னும் இருக்கு. ஆன்டெனாவில் வரும் சேனல்கள் பயன்படுத்துவது பொது அலைக்கற்றையை, அரசு தரும் உரிமத்தின் பேரில். மேட்ச் நடக்கும் பல ஸ்டேடியங்களில் வரிப்பணம் இருக்கிறது. 2024 சூப்பர் பவுல் நடந்த லாஸ் வேகாஸ் அலீஜியன்ட் ஸ்டேடியத்துக்கு, ஹோட்டல் அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் போனது. 2025-ல் நடந்த நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் மாநில அரசுக்கே சொந்தமானது.

சட்டம், அலைக்கற்றை, ஸ்டேடியம் என மூன்றிலும் பொதுமக்களின் பங்கு இருக்கிறது. இதற்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது இலவச ஒளிபரப்பு. அதனால்தான் இதை 'ஓசி' என்று சொல்வது தப்பு. ரசிகர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

அந்த வாக்குறுதி இப்போ எந்த நிலையில்?

லீக்கின் வழக்கமான மேட்ச்களில் இருந்து ஆரம்பிக்கலாம். உள்ளூர் சேனலில் வராத வெளியூர் ஞாயிறு மேட்ச்களைப் பார்க்க 'சண்டே டிக்கெட்' என்ற கட்டணத் தொகுப்பு 1994 முதல் இருக்கிறது. இப்போது அது யூடியூப் கையில். வியாழக்கிழமை மேட்ச்கள் 2022 முதல் அமேசான் பிரைமில். 2024 கிறிஸ்துமஸ் அன்று நடந்த இரண்டு மேட்ச்கள் நெட்ஃப்ளிக்ஸில்.

பிளே ஆஃபும் தப்பவில்லை. 2024 ஜனவரியில் கன்சாஸ் சிட்டியில் மைனஸ் 20 டிகிரி குளிரில் சீஃப்ஸும் மயாமி டால்ஃபின்ஸும் மோதிய நாக் அவுட் மேட்ச், என்.பி.சி-யின் பீகாக் ஆப்பில் மட்டுமே நாடு முழுவதும் வந்தது. அந்த ஒரு மேட்ச்சுக்கு 11 கோடி டாலர் கொடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. ரசிகர்கள் கொதித்தார்கள், எம்.பி. ஒருவர் லீக்குக்குக் கடிதமே எழுதினார். ஆனாலும் சராசரியாக 2.3 கோடி பேர் பார்த்தார்கள். திட்டிக்கொண்டே சந்தா கட்டினார்கள். லீக் எதைக் கணக்கில் எடுத்திருக்கும்? திட்டையா, சந்தாவையா? அடுத்த ஆண்டு ஒரு பிளே ஆஃப் மேட்ச் அமேசானுக்குப் போனது.

நீதிமன்றத்திலும் இந்தச் சண்டை நடந்தது. சண்டே டிக்கெட்டின் விலையை லீக் செயற்கையாக உயர்த்தி வைத்தது என்று சந்தாதாரர்கள் தொடுத்த வழக்கில், 2024 ஜூனில் ஜூரி 470 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆகஸ்டில் நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். இழப்பீட்டைக் கணக்கிட்ட நிபுணர்களின் முறை சரியில்லை என்பது அவர் சொன்ன காரணம். ரசிகர் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. 1961-ல் கொடுத்த விலக்கு கட்டண டிவிக்குப் பொருந்தாது என்பதுதான் இப்படி ஒரு வழக்குக்கே வழி விட்டது.

லீக் தரப்பு என்ன சொல்லுது?

லீக் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒரு மேட்ச் எந்த ஆப்பில் வந்தாலும், ஆடும் இரண்டு அணிகளின் சொந்த ஊர்களில் அது இலவச டிவியிலும் வரும். பீகாக் மேட்ச்சும் கன்சாஸ் சிட்டியிலும் மயாமியிலும் ஆன்டெனாவில் வந்தது. மற்ற அமெரிக்க விளையாட்டு லீக்குகளோடு ஒப்பிட்டால், இலவச டிவியில் அதிக மேட்ச் காட்டுவது என்.எஃப்.எல். தான்.

இளைஞர்கள் டிவி பெட்டியை விட்டுப் போய்விட்டார்கள், அவர்கள் இருக்கும் இடத்துக்கு மேட்ச் போக வேண்டாமா என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2025 சூப்பர் பவுலை டூபியில் மட்டும் சராசரியாக 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சாவ் பாவ்லோவில் நடந்த மேட்ச்சை யூடியூப் உலகம் முழுக்க இலவசமாகக் காட்டியது. ஸ்ட்ரீமிங் வந்தால் கட்டணமும் வரும் என்பது கட்டாயம் இல்லை.

இந்த உதாரணங்கள் லீக்குக்கே எதிரான சாட்சியும்கூட. ஸ்ட்ரீமிங்கில் இலவசமாகக் கொடுக்க முடியும், அதிலும் கூட்டம் வரும், விளம்பரக் காசும் வரும் என்றால், கட்டணச் சுவர் எழுப்புவது தொழில்நுட்பத்தின் கட்டாயம் ஆகாது. அது ஒரு வியாபார முடிவு.

சூப்பர் பவுல் மட்டும் பத்திரமா?

இப்போதைக்குப் பத்திரம்தான். ஆனால் அதைக் காப்பது ஒப்பந்தம் மட்டுமே. சூப்பர் பவுலை இலவசமாகத்தான் காட்ட வேண்டும் என்று எந்த அமெரிக்கச் சட்டமும் சொல்லவில்லை. முக்கியமான விளையாட்டுகளைக் கட்டண கேபிள் சேனல்கள் தூக்கிக்கொண்டு போகாமல் தடுக்க, தகவல் தொடர்பு ஆணையம் ஒரு காலத்தில் விதி வைத்திருந்தது. 1977-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

மற்ற நாடுகள் வேறு வழியில் போயின. பிரிட்டனில் எஃப்.ஏ. கோப்பை இறுதி, விம்பிள்டன் இறுதி போன்றவை இலவச சேனலுக்கு முன்னுரிமை தரும் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு, அந்நாட்டு ஃபுட்பால் லீக்குகளின் இறுதிப் போட்டிகள் அதில் அடக்கம். இந்தியாவில், அலைக்கற்றை பொதுச் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில்தான். 2007-ல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் கொண்டவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் சிக்னலை தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அமெரிக்காவில் இப்படி எதுவும் இல்லை.

அங்கே இப்போதைய ஒப்பந்தங்கள் 2033 சீசன்வரை ஓடும். ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருந்து 2029 சீசனுக்குப் பிறகே விலகிக்கொள்ளும் உரிமை லீக்குக்கு உண்டு. அதற்கு முன்பாகவே பேச்சைத் தொடங்கலாம் என்று கமிஷனர் ராஜர் குடெல் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த மேசையில் இந்த முறை உலகின் மிகப் பணக்கார டெக் நிறுவனங்கள் உட்காரும். இலவச சேனல்களால் அவர்களோடு ஏலத்தில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்?

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. இ.எஸ்.பி.என். நிறுவனத்தில் 10 சதவீதப் பங்கை என்.எஃப்.எல். வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 2027 சூப்பர் பவுலைக் காட்டப் போவது ஏ.பி.சி-யும் இ.எஸ்.பி.என்னும்தான். விற்பவரே வாங்குபவரின் பங்குதாரர் ஆகும்போது, பேரம் பேசும் மேசையில் ரசிகருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

ரசிகர் குரல் கொடுத்தா மாறுமா?

மாறியிருக்கிறது. 1968 நவம்பரில் ஓக்லாண்ட் ரெய்டர்ஸும் நியூயார்க் ஜெட்ஸும் ஆடிய பரபரப்பான மேட்ச்சை, 65 விநாடிகள் மீதி இருக்கும்போதே துண்டித்துவிட்டு, 'ஹெய்டி' என்ற படத்தைப் போட்டது என்.பி.சி. அப்போது ஜெட்ஸ் 32-29 என முன்னிலையில் இருந்தது. டிவியில் வராத அந்த ஒரு நிமிடத்தில் ரெய்டர்ஸ் இரண்டு முறை கோட்டைத் தாண்டி 43-32 என ஜெயித்துவிட்டது. என்.பி.சி-யின் டெலிபோன் இணைப்பகமே ஸ்தம்பிக்கும் அளவுக்கு அழைப்புகள் குவிந்தன. அதற்குப் பிறகு, மேட்ச்சை முடியும்வரை காட்டுவது வழக்கமானது.

அடுத்தது பிளாக் அவுட். டிக்கெட் விற்பனை குறையக் கூடாது என்பதற்காக, மேட்ச் நடக்கும் ஊரில் டிவி ஒளிபரப்பைத் தடை செய்து வைத்திருந்தது லீக். முதல் சூப்பர் பவுலை லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. ஸ்டேடியமும் நிரம்பவில்லை என்பது தனிக் கதை. அதிருப்தி வளர்ந்து வளர்ந்து, 72 மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட் விற்றுத் தீர்ந்தால் உள்ளூரிலும் காட்டியாக வேண்டும் என்று 1973-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் காலாவதியான பிறகும் லீக் அந்த விதியைக் கைவிடவில்லை. உள்ளூர் டிவியில் காட்டியதால் லீக் நொடித்துப் போனதா என்ன? இன்னும் பெரிதாக வளர்ந்தது.

என்ன செய்ய வேண்டும்?

எல்லா மேட்ச்சையும் இலவசமாகக் காட்டு என்று ஒரு தனியார் லீக்கிடம் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது. வீரர்களின் சம்பள உச்சவரம்பே லீக்கின் வருமானத்தைப் பொறுத்துத்தான் முடிவாகிறது. வருமானம் கூடினால் அவர்களுக்கும் லாபம். கட்டணத் தொகுப்பு விற்பது குற்றமும் இல்லை.

ஆனால் 1961 சட்டத்தின் விலக்கு வேண்டும் என்றால், அதன் மறுபக்கமும் வேண்டும். சூப்பர் பவுலும் பிளே ஆஃப் மேட்ச்களும் நாடு முழுவதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அந்த விலக்கோடு ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். ஆன்டெனாவில் வரட்டும், இலவச ஆப்பில் வரட்டும், அது லீக்கின் விருப்பம். இந்த நிபந்தனை வேண்டாம் என்றால், விலக்கு இல்லாமல், மற்ற நிறுவனங்களைப் போல ஏகபோக எதிர்ப்புச் சட்டத்துக்கு உட்பட்டு வியாபாரம் செய்யட்டும்.

இதனால் லீக்குக்கும் இழப்பில்லை. கட்டணச் சுவருக்குப் பின்னால் போன விளையாட்டு உடனே சாகாது. முதல் சில ஆண்டுகள் வருமானம் கூடவே செய்யும். ஆனால் இன்றைக்குப் பணம் கட்டுகிறவர்கள், சின்ன வயதில் பணம் கட்டாமல் பார்த்து ரசிகர் ஆனவர்கள். புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பமும், மேட்ச்சே புரியாமல் ஹாஃப் டைம் ஷோவுக்காக உட்கார்ந்த கல்லூரி மாணவியும், பக்கத்து வீட்டு டிவி முன் கூடிய குழந்தைகளும் சூப்பர் பவுல் அன்றைக்குத்தான் முதல் முறையாக இந்த ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். சந்தா கேட்கும் ஆப் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

2029 தூரத்தில் இல்லை. அதற்கான பேரம் அதற்கு முன்பே தொடங்கிவிடும், மூடிய அறைக்குள் நடக்கும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கோபப்பட்டுப் பிரயோஜனம் இருக்காது என்பதை 2024-ன் பீகாக் மேட்ச் காட்டிவிட்டது. கேட்க வேண்டிய கேள்வியை நாடாளுமன்ற உறுப்பினர்கள் இப்போதே கேட்க வேண்டும். 1961-ல் ரோசெலிடம் கேட்ட அதே கேள்வியை இன்றைய கமிஷனரிடம் கேட்டு, பதிலைப் பதிவில் ஏற்றினாலே போதும், அது ஒரு நல்ல தொடக்கம்.